எலி இல்லாத தீவு

ஆக்லாந்து நகரத்தில் மைனாவுக்கு நல்ல பெயர் இல்லை. நம் ஊரில் மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து புழு பொறுக்கித் தின்னும் அதே மைனாதான். அதே மஞ்சள் மூக்கு, கண்ணோரத்தில் அதே மஞ்சள் திட்டு, ஜமாபந்திக்கு வந்த தாசில்தார் மாதிரி அதே நடை. நியூஸிலாந்தின் வடக்குத் தீவில் கடைத்தெரு, பள்ளிக்கூட மைதானம், கார் நிறுத்தும் இடம் என்று எங்கே பார்த்தாலும் அது திரிகிறது. 1870-களில் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்களாம். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் என்று எண்ணம். தின்னாமல் இல்லை. அதோடு நிற்காமல் உள்ளூர்ப் பறவைகளின் கூட்டைப் பறித்துக்கொண்டது, முட்டையை உடைத்தது, குஞ்சைக் கொத்திற்று. இப்போது அதைத் துஷ்டர்கள் ஜாபிதாவில் சேர்த்துவிட்டார்கள். உலகம் முழுவதற்குமாகச் சேர்த்து 100 துஷ்ட ஜீவன்களுக்கு விஞ்ஞானிகள் ஒரு ஜாபிதா போட்டிருக்கிறார்கள். அதிலும் நம் மைனாவுக்கு இடம் உண்டு.

என் தங்கை குடும்பம் அந்த நகரத்தில் இருக்கிறது. போய் இறங்கிய மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே மைனாச் சத்தம் கேட்டதும் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மொழி தெரியாத ஊரில் பக்கத்துத் தெருக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"அதுவா? பக்கத்து வீட்டுக்காரர் அதுக்குப் பொறி வைக்கிறார், மச்சான்" என்றார் அவர். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல வேளை, நமக்கு இன்னும் வைக்கலை" என்றார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தேசத்தில் யாரோடு பேசினாலும் அரை மணி நேரத்துக்குள் 'இது இந்த மண்ணுக்கு உரியது, அது வெளியிலிருந்து வந்தது' என்ற பேச்சு வந்துவிடுகிறது. செடியைப் பற்றி, பறவையைப் பற்றி, மீனைப் பற்றி. மனுஷர்களைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெகு நாகரிகமான ஜனங்கள். இருந்தாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேச்சைக் கேட்கும்போது காது கொஞ்சம் கூர்மையாகிவிடுகிறது.

"டிரிடிரி மடாங்கிக்குப் போய்ட்டு வருவோம். இவங்க ஏன் இப்படிப் பேசறாங்கன்னு அங்கே போனாத்தான் புரியும்" என்றார் மாப்பிள்ளை.

டிரிடிரி மடாங்கி என்பது மாவோரி மொழிப் பெயர். காற்று அலைக்கழிக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஆக்லாந்துக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், ஹௌராக்கி வளைகுடாவில் இருக்கும் தீவு. பரப்பு 220 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 540 சொச்சம். முன் காலத்து மிராசுதார் ஒருவருக்கு அவ்வளவு நிலம் இருந்திருக்கும். பறவைகளுக்கென்று ஒதுக்கிய சரணாலயம் அது. ஆனால் நகரத்திலிருந்து யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம்.

படகுத்துறையில் ஏறுவதற்கு முன் செருப்பைத் துடைக்க வேண்டும். ஒப்புக்குத் துடைப்பதல்ல. தேய்க்கும் பிரஷ்ஷை வைத்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தின் இடுக்கில் மண் இருக்கிறதா, விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். தங்கை மகளுக்குப் பத்து வயது. அவள் என்னை நம்பவில்லை.

"மாமா, காலைத் தூக்கிக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். ஒரு குச்சியை எடுத்துக் குதிகால் ஓரத்தில் நெருடி ஒரு புல்விதையை வெளியில் எடுத்துவிட்டு, ஆடிட்டர் மாதிரி என்னைப் பார்த்தாள். கோயிலுக்குப் போனால் செருப்பை வாசலில் விட்டுவிடுகிறோம். இங்கே அதையும் சுத்தி பண்ணி உள்ளே அழைத்துப் போகிறார்கள்.

பையைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். எலி இருக்கக்கூடாது, எறும்பு இருக்கக்கூடாது, பல்லி இருக்கக்கூடாது. பைக்குள் எலியை வைத்துக்கொண்டு யாராவது உல்லாசப் பிரயாணம் போவார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் 2000-ம் ஆண்டில் அந்தத் தீவுப் படகுத்துறைக்குப் பக்கத்தில் அர்ஜென்டினா தேசத்து எறும்பைக் கண்டுபிடித்தார்களாம். தென் அமெரிக்க எறும்பு பஸிபிக் சமுத்திரத்தில் ஒரு சின்னத் தீவுக்கு வந்து சேர்கிறதென்றால் யாரோ ஒருவர் மூட்டையிலோ சாமானிலோதானே வந்திருக்க வேண்டும்? அதை ஒழிக்கப் பல வருஷங்கள் பாடுபட்டார்கள். எறும்புக்கே இந்தப் பாடு என்றால் எலியை நினைத்துப் பாருங்கள்.

ஒன்றேகால் மணி நேரப் பிரயாணம். அன்று காற்று பெயருக்கு ஏற்றபடி இருந்தது. பாதி வழியில் என் தங்கை பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கியவுடன் காட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காட்டைக் கேட்டேன். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆக்லாந்தில் பசுமைக்குக் குறைவில்லை, தெருவெல்லாம் மரம். ஆனால் அங்கே குரல் கொடுப்பதெல்லாம் மைனாவும் சிட்டுக்குருவியும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கரும்பாடிகளும்தான். தீவில் வேறு சங்கீதம். கோரிமாகோ என்று ஒரு பச்சைப் பறவை. மணி என்றே வெள்ளைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெண்கல மணியைக் கைவிரலால் மூடி மூடித் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாதம். ஒன்று தொடங்கினால் நாலு எடுத்துக்கொள்கின்றன. நடுவே டூயி என்ற கறுப்புப் பறவை இருமுகிறது, கனைக்கிறது, கதவைக் கிறீச்சிடுகிறது, பிறகு திடீரென்று ஒரு சுத்தமான ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறது. கழுத்தில் வெள்ளையாக இரண்டு குஞ்சம். பெரிய வித்வான்தான், கச்சேரிக்கு நடுவில் தொண்டையைச் சரி பண்ணிக்கொள்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

நவம்பர் மாதம். தாழை மாதிரி நீண்ட இலைகளுள்ள ஒரு செடி வழியெல்லாம் பூத்திருந்தது. அதில் தேன் குடித்த பறவைகளுக்கெல்லாம் நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொண்டு சந்தனம் இட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

எங்களுக்கு வழிகாட்ட ஓர் அம்மாள் வந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. சம்பளம் கிடையாது, தீவின் மேல் பிரியம் வைத்து, முறை போட்டுக்கொண்டு வருகிற தொண்டர்களில் ஒருத்தி. குரல் மட்டும் இன்னும் வகுப்பில்தான் இருந்தது. மரப்பலகை பாவிய பாதையில் முன்னால் நடந்து போனவள், ஓர் இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "இது என் வகுப்புப் பிள்ளைகள் நட்டது" என்றாள்.

பெரிய மரம். கப்பும் கிளையுமாக, வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு, நூறு வருஷத்து மரம் மாதிரி நின்றது. நான் அப்போதுதான் சுற்றிலும் மறுபடி பார்த்தேன். அதுவரை ஆதிகாலத்துக் காட்டில் நடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீவில் நூறு வருஷத்துக்கு மேல் ஆடும் மாடும் மேய்ந்தன. 1971-ம் ஆண்டில் குத்தகை முடிந்து மாடுகளை அப்புறப்படுத்தியபோது, பழைய காட்டில் மிஞ்சியது 100-க்கு 6 பங்கு. ஓடைப் பள்ளங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாடு போய்விட்டால் காடு தானே வந்துவிடும் என்று முதலில் காத்திருந்தார்கள். வரவில்லை. புல் அவ்வளவு அடர்த்தி. விழுந்த விதைக்கு மண்ணைத் தொட வழியில்லை. கையை எடுத்துவிட்டால் இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது எல்லா இடத்துக்கும் பொருந்துகிற பேச்சல்ல போலிருக்கிறது.

ஆக்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்செல் என்ற இரண்டு பேர் ஒரு யோசனை சொன்னார்கள். அதுவரை பறவைச் சரணாலயத் தீவு என்றால் ஜனங்களை உள்ளே விடுவதில்லை. அதே வளைகுடாவில் ஹௌட்டுரு என்ற தீவுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது. இந்தத் தீவைத் திறந்து வைப்போம், ஜனங்களே வந்து காட்டை நடட்டும் என்றார்கள் இவர்கள். 1984 முதல் 1994 வரை பத்து வருஷத்தில் சுமார் 2,80,000 கன்றுகள் நட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், குமாஸ்தாக்கள், கிழவர்கள், யாத்திரை மாதிரி படகு படகாக வந்து குழி தோண்டிவிட்டுப் போனார்கள். நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவர் ரே வால்டர். 1980-ம் ஆண்டில் கலங்கரை விளக்கக் காவல்காரராக அங்கே வந்தவர். 1984-ம் ஆண்டில் விளக்கு தானாகவே எரியும்படி ஏற்பாடாகி, காவல்காரர் வேண்டாம் என்று ஆயிற்று. மனுஷர் போகவில்லை. விளக்கை விட்டுவிட்டு நாற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நட வந்தவர்கள் எல்லோரும் இந்த நாட்டில் பிறந்தவர்களா?" என்று கேட்டேன். என் மனசில் அந்த மைனா இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

அம்மாள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. "என் பாட்டனாரின் தகப்பனாரே ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்தான்" என்றாள். "யார் எங்கே பிறந்தார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. குழி ஆழமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்."

மேலே நடந்தோம். காட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கடற்கரை ஓரத்து மரமான போஹுடுகாவாவை, பாதிக்குமேல் பட்டுப்போகும் என்று எண்ணி நெருக்கி நட்டார்களாம். ஒன்றும் பட்டுப்போகவில்லை. சில இடங்களில் அதன் நிழலில் வேறெதுவும் தலை தூக்க முடியாமல் போய், நட்டவர்களே போய்க் கழிக்க வேண்டியதாயிற்று. எழுதினதை அடிப்பதே எங்களுக்கெல்லாம் கஷ்டமாக இருக்கிறது. நட்டதை வெட்டுவது இன்னும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

காலடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஒரு பறவை வந்தது. கறுப்பு உடம்பு, முதுகில் செங்காவி நிறத்தில் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை, கன்னத்தில் சிவப்புச் சதை தொங்குகிறது. என் செருப்புக்கு ஒரு முழத்தில் நின்று சருகைப் புரட்டிற்று. நான் ஒருவன் நிற்பதாகவே அது நினைக்கவில்லை. டியேகே என்று பெயர். மாவோரிக் கதையில் மாவுயி என்ற வீரன் சூரியனோடு மல்லுக்கட்டி அடக்கிவிட்டுத் தாகத்தோடு வந்து தண்ணீர் கேட்டான். டியேகே கொடுக்கவில்லை. கோபத்தில் அவன் அதைப் பிடித்தான். சூரியனைத் தொட்ட கை சுட்டு முதுகில் தழும்பு விழுந்துவிட்டது. நம் அணிலுக்கு முதுகில் கோடு விழுந்த கதையை நான் அம்மாளுக்குச் சொன்னேன். "உங்கள் ராமர் நல்லவர்" என்றாள். உதவி செய்ததற்கு ஓர் அடையாளம், செய்யாததற்கு ஓர் அடையாளம். ஏதோ ஒரு கை முதுகில் பட்டுத்தான் தீரும் போலிருக்கிறது.

அந்த டியேகே ஒரு காலத்தில் வடக்குத் தீவு முழுதும் இருந்த ஜாதி. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு சின்னத் தீவில் மட்டும் மிஞ்சிற்று. 1984-ம் ஆண்டில் 24 பறவைகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தெற்கில் இருக்கிற இன்னொரு வகையின் கதை இதைவிடப் பயங்கரமானது. ஸ்டூவர்ட் தீவை ஒட்டி இருக்கும் ஒரு தீவுக்கு 1960-களின் தொடக்கத்தில் படகுகளோடு எலி வந்து இறங்கியது. இதில் தலையிட வேண்டாம், எலியும் பறவையும் சமாதானமாகிவிடும் என்று விஷயம் தெரிந்தவர்களே சொன்னார்கள். 1964-ம் ஆண்டில் ஆட்கள் போய்ப் பார்த்தபோது தீவு மொட்டையாகிக்கொண்டிருந்தது. 36 டியேகேக்களைப் பிடித்து வேறு தீவுகளுக்குக் கடத்திவிட்டார்கள். இன்றைக்குத் தெற்கு வகை டியேகே ஒவ்வொன்றும் அந்த 36-ன் வம்சம். அந்தத் தீவில் இருந்த ஒரு சின்னஞ்சிறு குருவியையும் ஓர் உள்ளானையும் ஒரு வௌவாலையும் காப்பாற்ற முடியவில்லை. அவை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டன.

ஏன் இவ்வளவு சுலபமாகச் செத்தன என்று கேட்கத் தோன்றுகிறது. நியூஸிலாந்தில் ஆதியில் தரையில் நடமாடும் பாலூட்டி எதுவும் இல்லை. வௌவால் மட்டும் உண்டு. அது பறந்து வந்து சேர்ந்தது. பூனை இல்லை, நரி இல்லை, கீரி இல்லை, எலி இல்லை. பறவைக்குத் தெரிந்த ஒரே சத்துரு வானத்தில் வட்டமிடும் வல்லூறு. அதற்கு அசையாமல் நின்றால் போதும். சில பறவைகள் பறப்பதையே விட்டுவிட்டன, என்ன அவசியம்? இப்படிக் கோடிக்கணக்கான வருஷங்கள் கழிந்த பிறகு, ராத்திரியில் மோப்பம் பிடித்துக்கொண்டு எலி வருகிறது. பறவை என்ன செய்யும்? தெரிந்த வித்தையைச் செய்கிறது. அசையாமல் நிற்கிறது.

நிழலான ஓர் இடத்தில் கம்பி வலைக்குள் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகள் தொங்கின. அதன் முன்னால் ஹிஹி என்ற பறவை, ஆண் பறவைக்குத் தோளில் மஞ்சள் சால்வை, போவதும் வருவதுமாக இருந்தது. இது ஹௌட்டுரு ஒன்றில் மட்டும் மிஞ்சியிருந்த ஜாதி. 1995-ம் ஆண்டில் இங்கே வந்தது. நட்ட காட்டில் வயதான மரம் இல்லை, ஆகவே கூடு கட்டப் பொந்து இல்லை, ஆகவே மரப்பெட்டி. தேனும் வருஷம் முழுதும் போதாது. ஆகவே சர்க்கரைத் தண்ணீர். புட்டியைத் தினமும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வியாதி வரும் என்றாள் அம்மாள். காட்டுப் பறவைக்கு இப்படிப் பிள்ளை வளர்ப்பதா என்று கேட்டுவிட நினைத்தேன். அவள் கைகளைப் பார்த்தேன். புட்டி கழுவிக் கழுவி வெளுத்த கை. கேட்கவில்லை.

உச்சியில் கலங்கரை விளக்கம். இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டியது. 1865-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி முதன்முதலாக ஏற்றினார்கள். அதன் பக்கத்துப் புல்வெளியில்தான் சாப்பாடு. தீவில் ஹோட்டல் கிடையாது. கொண்டுபோனதைத்தான் தின்ன வேண்டும், மிச்சத்தையும் குப்பையையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட வேண்டும். தங்கை தெளிந்துவிட்டாள். எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்தாள்.

அப்போதுதான் டகஹே வந்தது.

நம் ஏரிகளில் தாழைக்கோழி என்று ஒரு நீலக் கோழி உண்டே, சிவப்பு மூக்கும் சிவப்புக் காலுமாக, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பெரியப்பா இருந்து, அவர் சாப்பிட்டுச் சாப்பிட்டு மூன்று கிலோ எடைக்குப் பெருத்து, பறப்பதை மறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் டகஹே. உண்மையிலேயே இரண்டும் ஒரே குலம். 1898-க்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்று என்று எழுதி முடித்துவிட்டார்கள். 1948-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெஃப்ரி ஓர்பெல் என்ற டாக்டர் தெற்குத் தீவின் மலைகளுக்குள் தேடிக்கொண்டு போய் உயிரோடு கண்டுபிடித்தார். இன்று 500-க்குக் குறையாமல் இருக்கின்றன. செத்துப்போனதாகச் சொல்லி ஐம்பது வருஷம் கழித்து எழுந்து வந்த பிராணி, வெகு கம்பீரமாக நடந்து வந்து எங்கள் எலுமிச்சம்பழச் சாதத்தை ஒரு கண்ணால் பார்த்தது. அதற்கு ஒன்றும் போடக்கூடாதென்று சட்டம். முன்பு கிரெக் என்று ஒரு டகஹே இங்கே இருந்து, வருகிறவர்கள் ரொட்டியைத் தட்டிப் பறித்தே பிரசித்தி அடைந்ததாம். என் மருமகள் டப்பாவை மூடி மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"பாவம், ஒரு பருக்கை" என்றாள் தங்கை.

"அம்மா!" என்று ஓர் அதட்டல். டகஹே மேலும் இரண்டு நிமிஷம் அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் புல்லை மேயப் போய்விட்டது.

கலங்கரை விளக்கத்தைப் பார்க்கும்போது அம்மாள் வேறொரு விளக்கத்தின் கதை சொன்னாள். ஸ்டீபன்ஸ் தீவு என்று, இரண்டு பெருந்தீவுகளுக்கும் நடுவே உள்ள கடலில் இருக்கிறது. 1894-ம் ஆண்டில் அங்கே விளக்கு ஏற்றினார்கள். காவல்காரர்கள் வந்தார்கள், பூனை வந்தது. அந்தப் பூனை கவ்விக்கொண்டு வந்து போட்ட செத்த குருவிகளைப் பார்த்துத்தான், பறக்காத ஒரு குருவி ஜாதி அங்கே இருக்கிறதென்றே உலகத்துக்குத் தெரிந்தது. தெரிந்து கொஞ்ச காலத்துக்குள் அது இல்லை. ஒரே பூனை ஒரு ஜாதியைத் தின்று தீர்த்தது என்று கதை. ஒன்றல்ல, பெருகிப்போன பல பூனைகள் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். எனக்கு அந்தக் காவல்காரரைத்தான் நினைக்கத் தோன்றிற்று. கப்பல்களுக்கு வழி காட்டப் போனவர். தனிமைக்குத் துணையாக ஒரு பூனை. இதில் என்ன குற்றத்தைக் கண்டுபிடிப்பது?

முயல் பெருகிவிட்டதென்று 1880-களில் மரநாய் இனத்துப் பிராணி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முயலைவிடப் பறவையே ருசி என்று கண்டுகொண்டது. பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் அப்போதே வேண்டாம் என்று சொன்னார்கள். கேட்கவில்லை. இப்படித்தான் ஒவ்வொன்றும்.

"இங்கே எலி இருந்ததா?" என்றேன்.

"இருந்தது. 1993 வரை."

அது கியோரே என்ற சின்ன எலி. சுமார் 700 வருஷத்துக்கு முன்னால் மாவோரிகளின் மூதாதையர் நீண்ட ஓடங்களில் சமுத்திரத்தைக் கடந்து வந்தபோது அவர்களோடு வந்தது. அவர்களுக்கு அது ஆகாரம். தங்கள் முன்னோரோடு வந்த உறவு என்றும் நினைக்கிறார்கள். வடக்கே ஒரு சின்னத் தீவில் மாவோரிகளின் விருப்பப்படி அதை விட்டுவைத்திருக்கிறார்கள். டிரிடிரியில் அப்படி விடவில்லை. 1993-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹெலிகாப்டரில் வந்து விஷ உருண்டைகளைத் தீவு முழுவதும் தூவினார்கள். தின்றால் ரத்தம் உறையாது. சில நாளில் உயிர் போகும். ஒரு முழம் இடம் விடாமல் தூவ வேண்டுமாம். ஒரு ஜோடி தப்பினாலும் பிரயோசனமில்லை.

எங்கள் வீட்டிலும் எலிப்பொறி இருக்கிறது. மசால்வடை வைப்பதும் நான்தான். அகப்பட்டதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு, அது வேறு யார் வீட்டுக்காவது போய்க்கொள்ளட்டும் என்று திரும்பிவருகிற ஜீவகாருண்யம் நம்முடையது. ஆகவே அந்த அம்மாளிடம் தர்மம் பேச எனக்கு யோக்யதை இல்லை. இருந்தாலும் 'கடைசி எலி வரை' என்ற வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?" என்று கேட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை" என்றாள். பிறகு, "மறு வருஷம் தரையில் பல்லிகளைப் பார்த்தேன். முளைக்காத விதையெல்லாம் முளைத்தது. அதற்கு முன்னால் எத்தனை வருஷம் அவை என் கண்ணில் படாமல் இருந்தன என்று நினைத்தபோதும் தூக்கம் வரவில்லை."

இதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை. போக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நடந்த காரியத்தைச் சரியென்று நான் ஒப்புக்கொள்கிறேன். நல்லது என்ற வார்த்தையை மட்டும் போட மனம் வரவில்லை. எலி போகாவிட்டால் 2003-ம் ஆண்டில் அங்கே விட்ட 60 டுவாடாராக்களுக்கு வாழ்வில்லை. பார்வைக்கு ஓணான் மாதிரி இருக்கும், ஓணான் இல்லை, இருபது கோடி வருஷத்துக்கு முந்திய வம்சம், அதன் சுற்றத்தார் எல்லோரும் போய் அது ஒன்றுதான் பாக்கி. எந்தத் தராசில் எதை வைத்து நிறுப்பது? தராசைப் பிடிக்க மாட்டேன் என்று விலகிப் போகிறவனும் ஏதோ ஒரு தட்டில் கல்லைப் போட்டுவிட்டுத்தான் போகிறான்.

திரும்புகிற படகு வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. படகுத்துறையில் உட்கார்ந்திருந்தபோது அம்மாள், ராஜா மாதிரி ஓர் எலியின் கதை சொன்னாள். இதே வளைகுடாவில் நாய்ஸஸ் என்ற சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது. எலி இல்லாத ஒரு தீவுக்கு ஒரே ஓர் எலி வந்துவிட்டால் அதைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள, சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் 2004-ம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆண் எலியின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி அங்கே ஒரு தீவில் விட்டார்கள். ரஸ்ஸா என்று பெயரும் வைத்தார்கள். தீவு 25 ஏக்கர்கூட இல்லை. எலி எங்கே இருக்கிறதென்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. பொறி வைத்தார்கள், மோப்ப நாய் கொண்டுவந்தார்கள். அகப்படவில்லை. பத்து வாரம் இப்படி ஆட்டம் காட்டிவிட்டு ஒரு நாள் ரேடியோவும் மௌனமாகிவிட்டது. பார்த்தால், ராத்திரியில் கடலில் இறங்கி 400 மீட்டர் நீந்தி அடுத்த தீவுக்குப் போய்விட்டிருக்கிறது. கடைசியில் பதினெட்டாவது வாரம் பொறியில் விழுந்தது. 2005-ம் ஆண்டில் விஞ்ஞானப் பத்திரிகையில் அதைப் பற்றிக் கட்டுரை வெளிவந்தது. விட்டி இஹிமேரா என்ற பிரபல மாவோரி நாவலாசிரியர் அதைக் கதாநாயகனாக வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகமே எழுதிவிட்டாராம்.

எழுதாமல் எப்படி இருப்பார்? அந்தச் சமாசாரத்தைக் கேட்டால் எந்தக் கதைக்காரன் கைதான் சும்மா இருக்கும்? கடலில் தன்னந்தனியாக நீந்துகிறவன் பக்கம்தான் கதை போகும். கரையில் கூட்டில் அடைகாக்கும் பறவையைப் பற்றிக் கதை எழுத எங்களுக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

படகில் ஏறினோம். காற்று அடங்கியிருந்தது. தங்கை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் ஒன்றும் பேசாமல் வந்தாள்.

"அது கடைசியிலே பிடிபடும்னு எனக்கு முன்னாலேயே தெரியும், மாமா" என்றாள் திடீரென்று. "ஆனா அவங்க சொல்லச் சொல்ல, பிடிபடக் கூடாதுன்னுதான் இருந்தது."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உங்க பள்ளிக்கூடத்துத் தோட்டத்திலே எலிப்பொறியைப் போய்ப் பார்த்து நோட்டிலே எழுதறது யாரு? நீதானே?"

"அது வேற, அப்பா" என்றாள் அவள்.